ஆடை படியும் வரை

எங்கள் தோட்டத்தில் ஒரு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுக்க எல்லாரும் பயந்தார்கள். கொடுத்தால் அவர் குடிக்க மாட்டார். அதுதான் பயம்.

மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் வீடு தேடி வந்தவருக்கு முதலில் தேத்தண்ணி, பிறகுதான் பேச்சு. பால் இல்லையென்றால் பிளேன்டீ. சீனி குறைவாக இருந்தால் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். வந்தவர் கோப்பையைத் தொடாமல் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு சரியாக எரியாது. என்ன குறை வைத்தோம் என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த அம்மா அந்த இடத்தில்தான் கை வைத்தார்.

கோப்பையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்குவார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்வார். முகம் மலரும். பிறகு தனக்கு முன்னால் வைத்துவிட்டு, வந்த காரியத்தை ஒரே ஒரு தடவை சொல்வார். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. கோபமும் கிடையாது. கோவிலில் திரை விலகக் காத்திருப்பவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆவி அடங்கும். பாலாடை மெல்ல விளிம்பிலிருந்து நடுவுக்கு வரும். எதிரே இருப்பவர் குடிங்க, ஆறுது, குடிங்க என்று கெஞ்ச ஆரம்பிப்பார்.

"குடிக்கிறேங்க. மொதல்ல நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அந்த வார்த்தை வந்துவிட்டால் போதும். ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, பச்சைத் தண்ணீராய் ஆறிக் கிடப்பதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். அவர் குடித்தது குடித்ததுதான். அதற்குப் பிறகு வார்த்தையை யாரும் திருப்பி வாங்க முடியாது.

நான் அப்போது தெமோதரைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதை சொல்லும் வேலையில் இருந்தேன். உருட்டும் இயந்திரத்தைக் காட்டுவேன், சலிக்கும் இயந்திரத்தைக் காட்டுவேன், கடைசியாக ருசி பார்க்கும் அறையில் உட்கார வைத்து உலகத் தேயிலை வரலாற்றை இருபது நிமிடத்தில் முடிப்பேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. பதற்றம் வந்தால் வாய் ஓட ஆரம்பிக்கும், பிரேக் பிடிக்காது. அதனால் நான் சொன்ன வரலாற்றில் முக்கால் பங்கு வரலாறு, கால் பங்கு பதற்றம்.

ருசி அறையில் தண்ணீர் கொதிக்க வைத்து, கோப்பைகளை வரிசையாய் வைத்து ஊற்றிக் கொடுக்கும் வேலை இந்த அம்மாவுக்கு. நான் அக்கா என்பேன். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் ஜோர்டான்காரம்மா. பன்னிரண்டு வருடம் அந்த நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். அதற்கு முன்னால் இதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நான் புத்தகத்தில் படித்த உலகத்தை அவர் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்திருந்தார்.

என் முதல் வாரத்திலேயே எனக்கு அது புரிந்தது. சீன ராஜா ஒருவர் மரத்தடியில் தண்ணீர் கொதிக்க வைத்தபோது காற்றில் இலை வந்து விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் போன பிறகு அக்கா கேட்டார்: "ராசாவா அடுப்பு மூட்டுனாரு?" அடுத்த நாள், காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து சீனாவுக்குப் போன துறவி தியானத்தில் தூக்கம் வந்ததால் கண் இமைகளை வெட்டி எறிந்தார், அங்கே தேயிலைச் செடி முளைத்தது என்றேன். அந்த இடத்தை யார் கழுவிவிட்டது என்று கேட்டார். மூன்றாம் நாள் நான் அவரைத் திரும்பிப் பார்க்காமலே கதை சொன்னேன்.

ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்த அறையில் நான் பல தடவை மாட்டியிருப்பேன். ஒருமுறை துருக்கியிலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் குடித்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது கோப்பையில் அவர் கண் கலங்கிவிட்டது. அக்கா வந்து என் கையிலிருந்த கெண்டியைப் பிடுங்கினார். அந்த மனிதர் இரண்டாவது கோப்பையிலிருந்தே கரண்டியைக் கோப்பையின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டிருந்தாராம். போதும் என்று அர்த்தமாம். நான் ஒவ்வொரு தடவையும் அந்தக் கரண்டியைப் பணிவாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஊற்றியிருக்கிறேன்.

குடிக்காமல் இருக்கும் வித்தையை அவர் எங்கே படித்தார் என்பதை ஒரு மழை நாளில், கூட்டம் வராதபோது சொன்னார். அவர் வேலை செய்த வீட்டில் பெண் கேட்டு ஒரு கூட்டம் வந்தது. பெரிய மனிதர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். இவர் உள்ளே காப்பி போட்டு அனுப்பினார். கதவிடுக்கால் பார்த்தால் ஒருவர்கூடக் குடிக்கவில்லை. தலைக்கட்டுக் கட்டிய கிழவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார், அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு உயிர் போய்விட்டது. ஏலக்காய்க்குப் பதிலாக வேறு எதையோ போட்டுவிட்டேன், இத்தனை பெரிய சம்பந்தம் என்னால் கெட்டது, நாளைக்கே ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். வீட்டுப் பாட்டியம்மா வந்து பார்த்துச் சிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அங்கே அதுதான் முறை. கேட்டது கிடைக்கும் என்று வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லும்வரை வந்தவர் குடிக்க மாட்டார். சொன்ன பிறகு எல்லாரும் ஒன்றாகக் குடிப்பார்கள்.

"அழுதுகிட்டே யோசிச்சேன் தம்பி. இது நம்ம ஊருக்கு ஆகுமே."

அங்கே அது காப்பிக்கு. இங்கே அவர் அதைத் தேத்தண்ணிக்கு மாற்றினார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த மலைகளில் முதலில் இருந்ததும் காப்பிதான். அது நோய் வந்து செத்த இடத்தில் தேயிலையை நட்டுத்தானே வெள்ளைக்காரன் பிழைத்தான்.

ஊருக்கு வந்த புதிதில் அவர் மாட்டிவைத்த முதல் ஆள் பாடசாலை அதிபர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பதில் அதைவிடக் கண்டிப்பானவர். தாய் இல்லாத ஒரு பிள்ளையை இடைத் தவணையில் சேர்க்க முடியாது என்று சட்டம் பேசினார். அக்கா அவருடைய முன்னறையில் உட்கார்ந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிபரின் மனைவி மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தாராம். கடைசியில் அதிபரே எழுந்து வந்துவிட்டார்.

"ஏன் தங்கச்சி, தேத்தண்ணி குடிக்கேல்லையே? மனுசி உள்ளுக்கை இருந்து கவலைப்படுறா. பிள்ளையை நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இப்ப குடியுங்கோ."

அக்கா தோற்றது ஒரே ஒரு இடத்தில். பதுளை பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் பெண்கள் குளிக்கும் இடத்துக்கு மறைப்புத் தகரம் கேட்டுப் போனார். முதலாளி தேத்தண்ணி வரவழைத்தார். அக்கா வழக்கம்போல வைத்துவிட்டு உட்கார்ந்தார். முதலாளி அவரையும் பார்த்தார், கோப்பையையும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, வீணாகப் போகக்கூடாது என்று சொல்லி எடுத்துத் தானே குடித்துவிட்டார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த மனிதரைப் பற்றி ஒரு குறை வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

இப்போது அவர் மகனோடு கொழும்புப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அங்கே எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பை ஆறிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. நான் சொல்ல வந்தது என்னை அவர் மாட்டிவைத்த கதை.

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் மலையைத் தாண்டி ஒரு காய்ந்த காற்று வரும். அந்தக் காற்று அடிக்கும் சில வாரங்களில் எடுக்கும் கொழுந்துக்கு ஒரு தனி மணம். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் இருக்கும் பெயரே அந்தக் காற்று கொடுத்த பெயர்தான். அந்த நாட்களில் தோட்டத்தில் ஒருவருக்கும் மூச்சு விட நேரமிருக்காது. அந்த வருடம் நல்ல கொழுந்து வந்து நின்றது ஏழாம் நம்பர் மலையில். அந்த மலையின் நடுவில் ஒரு பெரிய மரம். மரத்தில் அண்டா அளவுக்கு ஒரு குளவிக்கூடு.

ஆளை ஓட ஓட விரட்டிக் கொட்டும் சாதி அது. காற்றில் கிளை ஆடினாலே கிளம்பிவிடும். முதல் வாரத்தில் நான்கு பெண்களைக் கொட்டியது. அதில் ஒருத்தி அக்காவின் மருமகள். முகம் வீங்கிக் கண் தெரியாமல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். கூட்டை எடுக்கத் தெரிந்த இரண்டு பேர் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வாரம் பார்ப்போம் என்றார் துரை. துரை என்றால் தோட்ட மேனேஜர். நல்ல மனிதர், யாரையும் திட்டியதில்லை. ஒரு வேலையைத் தள்ளிப்போடுவதில் மட்டும் அவருக்கு நிகர் அவர்தான். வியாழக்கிழமை கொழுந்து எடுக்கும் பதினெட்டுப் பெண்களும் ஏழாம் நம்பரில் ஏற வேண்டும் என்று திங்கட்கிழமை காலை ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் சொல்லிவிட்டார்கள்.

அக்கா நேராகத் துரையிடம் போக முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் லயத்துக் கூரைக்காக அவரிடம் போய் ஒரு கோப்பையை ஆற வைத்து, கூரைத் தகரம் வாங்கிவிட்டிருந்தார். அதிலிருந்து துரையின் பங்களாவில் கட்டளை: அந்தம்மா வந்தால் தேத்தண்ணி கொடுக்கக்கூடாது, நிற்க வைத்தே பேசி அனுப்ப வேண்டும். பங்களாவில் தேத்தண்ணி கொடுக்கப்படுகிற ஆள் வேண்டும். செவ்வாய்க்கிழமை தோறும் எத்தனை பேர் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று சொல்ல நான் பங்களாவுக்குப் போவேன். எனக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ருசி அறையில் பிரெஞ்சுக்காரர்கள் பதினைந்து பேர். அன்றைய முதல் கோப்பையை அக்காவுக்குக் கொடுப்பது என் வழக்கம். கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். முகர்ந்தார். மேசை மேல் வைத்தார்.

நான் கெண்டியை எடுத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் திரும்பினேன்.

"ஏழாம் நம்பர் கூட்ட எடுக்கச் சொல்லி நாளைக்கு தொரகிட்ட கேக்கணும் தம்பி." அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டார்.

நான் கேட்காத மாதிரி வரலாற்றுக்குள் ஓடினேன். திபெத்தில் வெண்ணெயும் உப்பும் போட்டுக் குடிக்கிறார்கள், மொரோக்கோவில் புதினா போட்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன், ஆவி அடங்கிவிட்டது. அமெரிக்காவில் கோபத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். ஆடை கட்ட ஆரம்பித்துவிட்டது. என் வாய் என்னை விட்டுப் போய்விட்டது. சீன ராஜா பெட்டிகளைக் கடலில் கொட்டினார். துறவி ஒட்டகத்தில் ஏறி ரஷ்யாவுக்குப் போனார். அங்கே போய் கண் இமைக்குப் பதிலாகப் பழப்பாகு போட்டுக் குடித்தார். முன்வரிசையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஒரு அம்மையார் பேனாவை மூடிவிட்டார். பதினைந்து பேரும் என்னை விட்டுவிட்டு அக்காவின் கோப்பையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"கேக்கிறேன் அக்கா. கேட்டுத் தொலைக்கிறேன். குடிங்க."

ஆடையை ஒதுக்கினார், குடித்தார், கோப்பையைக் கழுவப் போய்விட்டார். என்ன நடந்தது என்று பிரெஞ்சுக்காரர்கள் கேட்டார்கள். இது ஊவாவின் பழைய சடங்கு என்றேன். கை தட்டினார்கள்.

அன்று மாலை எனக்கு வகுப்பு நடந்தது. பங்களாவில் கோப்பை வரும், தொடக்கூடாது. ஒரு தடவைதான் கேட்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட வேண்டும். "உங்களுக்கு இதுதான் தம்பி கஷ்டம்," என்றார். உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை பங்களா முன்விறாந்தையில் துரைக்கு எதிரே உட்கார்ந்தேன். தட்டோடு வந்தவர் அப்பு. பங்களாச் சமையல்காரரை நாங்கள் அப்பு என்போம். எழுபதை நெருங்கிய மனிதர், வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, சரிங்க தொர என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. எனக்கு ஒரு கோப்பை, துரைக்கு ஒரு கோப்பை. நான் ஏழாம் நம்பர் விஷயத்தைச் சொன்னேன். ஒரே தடவை. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு கோப்பையைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் பார்ப்போமே என்றார் துரை. நான் பேசவில்லை. என் கால் மட்டும் தானாக ஆடியது. வெயிலைப் பற்றிச் சொன்னார். நான் பேசவில்லை. அவருக்கு முதலில் சந்தேகம் வந்தது என் உடம்பின் மேல். பிறகு பார்வை கோப்பைக்குப் போனது. அக்காவின் வித்தையை நான் செய்வேன் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

"ஏன், தேத்தண்ணி சரியில்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அக்கா வகுப்பில் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தேன். துரை அப்புவைக் கூப்பிட்டார். தண்ணி கொதிக்கவில்லையா என்று கேட்டார். அப்பு என் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார், வேறு கொண்டுவந்து வைத்தார். நான் அதையும் தொடவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே அவர் என் கோப்பையில் கரண்டியை விட்டு ருசி பார்ப்பது தெரிந்தது. பிறகு பாலை முகர்ந்தார். சீனியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடி பாலை முகர்ந்தார்.

மூன்றாவது கோப்பை வந்தது. துரை குரலை உயர்த்தாமலே சொன்னார், வாங்குகிற கம்பனிக்காரர்கள் வரப்போகிறார்கள், இவருக்குக் கை போய்விட்டது போலிருக்கிறது, பங்களாவுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று. அப்பு நின்ற இடத்தில் நின்றார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். குடித்தால் பதினெட்டுப் பெண்கள் வியாழக்கிழமை குளவிக்குக் கீழே போவார்கள். குடிக்காவிட்டால் இந்தக் கிழவர் நாளைக்கே பெட்டியைக் கட்டுவார். பெரிய தீரர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்களோ, நான் கோப்பையை எடுத்துக் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். நாக்கு வெந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெந்த நாக்கோடு சொன்னேன்:

"டீ நல்லாத்தான் இருக்கு சார். குளவிதான் சரியில்ல."

நான் தோற்றுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குடித்தவனுக்கு அப்புறம் என்ன மரியாதை. அப்போதுதான் அப்பு தட்டை மேசை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏழாம் நம்பர்ல எம் மகளும் கொழுந்து எடுக்குதுங்க தொர."

துரை அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்புவுக்கு மகள் இருக்கிறாள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும் போலிருந்தது. பிறகு துரை தன் கோப்பையைக் கையில் எடுத்தார். இத்தனை கலவரத்தில் அவரும் குடிக்க மறந்திருந்தார், அதிலும் ஆடை படிந்திருந்தது. அதை அப்படியே கீழே வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்துக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். அந்தக் கிராமத்து ஆட்கள் நாளைக்கே வர வேண்டும் என்றார்.

நான் திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"குடிச்சிட்டுத்தான் சொன்னீங்களா?"

"ஆமா அக்கா. அப்புவப் பாக்க முடியல."

"தப்பு," என்றார். கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கினார். "ஆனா அவரு வாயத் தொறந்தாரா? அவரேவா?"

ஒரு கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்து, நாக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"வியாழக்கிழம நீங்களும் வர்றீங்க. வாக்கு வாங்கிட்டு வந்தவங்கதான் மொதல்ல மரத்தடியில போய் நிக்கணும். அப்பத்தான் புள்ளைங்க நம்பி ஏறுவாங்க."

"இதுவும் ஜோர்டான் மொறயா?"

"இல்ல. இது நான் சொல்றது."

புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேர் வந்து புகை போட்டுக் கூட்டை இறக்கிக் கொண்டுபோனார்கள். நான் அங்கே இல்லை. எனக்குத் தலைவலி. வியாழக்கிழமை காலை என்னால் தப்பிக்க முடியவில்லை. மழைக்கோட்டு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், கையுறைக்குப் பதிலாக இரண்டு காலுறை, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏழாம் நம்பரில் ஏறினேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது. பதினெட்டுப் பெண்களும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பாதையில் வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். நிலாவுக்குப் போறாரா என்று ஒருத்தி கேட்டாள். அக்காவின் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் இன்னும் பாதிதான் திறந்திருந்தது.

மரத்தடிக்குப் போனேன். அண்ணாந்து பார்த்தேன். கூடு இருந்த இடத்தில் கறுத்த தழும்பு மட்டும் இருந்தது. கையை விரித்துக் காட்டினேன், வீரன் மாதிரி. அந்த நிமிடம் ஹெல்மெட்டுக்குள்ளே ஏதோ ரீங்காரமிட்டது.

நான் ஓடியதை வார்த்தையில் சொல்ல முடியாது. தேயிலைச் செடி இடுப்பளவு. அதன் மேல் பாதி, ஊடே பாதி என்று விழுந்து எழுந்து மலையடிவாரம் வரை போய்ச் சேர்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஒரு ஈ வெளியே பறந்து போனது.

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தி தொடங்கி, பிறகு மொத்த வரிசையும். மருமகளின் குரலும் அதில் இருந்தது. அந்தச் சிரிப்போடே ஒவ்வொருத்தியாக மரத்தைத் தாண்டி நிரைக்குள் இறங்கினார்கள். பின்னால் ஏறி வந்திருந்த அக்கா இப்போது நான் நின்ற இடத்தில் நின்றார். ஒரு கையை மரத்தில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார், பதினெட்டாவது ஆள் தாண்டிப் போகும்வரை.

பிறகு கீழே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஏறி வரச் சொல்கிறாரா, வீட்டுக்குப் போகச் சொல்கிறாரா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. நான் ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு ஏறினேன்.